மூளையை அறிய மூளைதான் வேண்டும்

2018 மார்ச் மாதம் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில், குழந்தைப் பருவம் தாண்டிய பிறகு புதிய நரம்பு செல்கள் பிறப்பதற்கான தடயமே கிடைக்கவில்லை என்றது சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு. அடுத்த மாதமே கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று இன்னொரு இதழில் நேர்மாறாக எழுதியது. 14 முதல் 79 வயது வரையிலான 28 பேரின் மூளைகளை ஆராய்ந்ததாகவும், முதுமையிலும் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருப்பதாகவும் அது சொன்னது. ஒரே கேள்வி, ஒரே உறுப்பு, ஒரு மாத இடைவெளி. விடைகளோ இரு துருவங்கள். “விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை, நமக்கு எப்படித் தெரியும்?” என்று வாசகர்கள் அலுத்துக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வேண்டாம். ஆனால், இந்த முரண்பாட்டின் வேரைத் தேடிப் போனால் நாம் போய்ச் சேருவது யாருடைய அறிவுக் குறைபாட்டிடமும் அல்ல. இறந்தவரின் மூளை எத்தனை மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டது, எந்தத் திரவத்தில் எவ்வளவு காலம் ஊறியது, அவர் எந்த நோயோடு வாழ்ந்தார் என்ற சாதாரணக் கேள்விகளிடம்தான். மூளை அறிவியலின் இன்றைய பெரிய தடை கருவிப் பஞ்சம் அல்ல. நல்ல நிலையில் கிடைக்கும் மனித மூளைகளின் பஞ்சம். அதைத் தீர்ப்பதில் இந்தியாவுக்கும் குறிப்பாகத் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்தச் சர்ச்சைக்கு அறுபது வயதாகிவிட்டது. நரம்பியலின் தந்தை எனப்படும் ஸ்பெயினின் ரமோன் இ கஹால், வளர்ந்த மூளையில் நரம்பு செல்கள் அழியுமே தவிரப் புதிதாகத் தோன்றா என்ற கருத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைநாட்டினார். அவருடைய சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுவது எளிதல்ல. 1962-இல் ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய செல்கள் பிறப்பதாக எழுதியபோது பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1985-இல் பாஸ்கோ ராகிச் வளர்ந்த குரங்குகளின் மூளையில் அப்படி எதுவும் இல்லை என்று எழுதியதும் கதவு ஏறத்தாழ மூடிக்கொண்டது. அதைத் திறந்தது 1998-இல் வந்த ஒரு மனித ஆய்வு. கட்டியின் வளர்ச்சியைக் கண்காணிப்பதற்காக, பிரியும் செல்லின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளைப் புற்றுநோயாளிகள் சிலருக்குச் செலுத்தியிருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் இறந்த பின், ஸ்வீடனின் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் ஃபிரெட் கேஜும் அவர்களின் ஹிப்போகேம்பஸைப் பார்த்தார்கள். அந்த அடையாளத்தைத் தாங்கிய நரம்பு செல்கள் அங்கே இருந்தன. 2013-இல் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் யோனாஸ் ஃபிரிசேனும் இன்னும் விசித்திரமான கடிகாரம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். 1950-களிலும் 60-களிலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. 1963-இல் அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல்லின் டிஎன்ஏவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால் அது எந்த ஆண்டு பிறந்தது என்று கணிக்கலாம். அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்கு சுமார் 700 செல்கள் புதிதாகச் சேர்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் 2018-இல் ஏன் அந்த மோதல்? ஒரு விடை, மறு ஆண்டு மாட்ரிட்டிலிருந்து வந்தது. மரியா லோரென்ஸ்-மார்ட்டின் குழு, இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்ட மூளைத் திசுவைத் துண்டுகளாக்கி, பதப்படுத்தும் திரவத்தில் வெவ்வேறு கால அளவுகளுக்கு ஊறவைத்துப் பார்த்தது. ஊறும் நேரம் நீள நீள, இளம் நரம்பு செல்லைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தின் அடையாளம் மங்கிக்கொண்டே போனது. செல் அங்கேயேதான் இருந்தது. பார்க்கும் வழி மட்டும் அடைபட்டது. விரைவாகவும் கவனமாகவும் பதப்படுத்திய மூளைகளில், 43 முதல் 87 வயது வரையிலான நலமான 13 பேரிடமும் இளம் செல்கள் ஆயிரக்கணக்கில் தெரிந்தன. அல்சைமர் நோயாளிகளிடம் அவை குறைந்திருந்தன. மறுதரப்பும் சும்மா இருக்கவில்லை. வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையின்போது எடுத்து உடனே பதப்படுத்திய திசுவிலும் தாங்கள் எதையும் காணவில்லையே என்று கேட்டது. நோயுற்ற மூளையை நலமான மூளைக்கு அளவுகோலாக வைக்க முடியுமா என்று எதிர்க்கேள்வி எழுந்தது. 2025 ஜூலையில் ஃபிரிசேன் குழு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் ஒரு படி முன்னெடுத்தது. பிறந்த குழந்தை முதல் 78 வயதுவரை உள்ளவர்களின் ஹிப்போகேம்பஸ் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று பார்த்து, பிரிந்து பெருகும் நிலையில் உள்ள தாய்ச்செல்களைப் பெரியவர்களிடமும் அடையாளம் கண்டது. அதோடு இன்னொன்றையும் சொன்னது: சிலரிடம் அவை நிறைய இருந்தன, சிலரிடம் அரிதாகவே இருந்தன.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபடும் ஒன்றை ஐந்து பேரிடமோ பதின்மூன்று பேரிடமோ பார்த்து முடிவுகட்ட முடியாது. வயது, உணவு, மன அழுத்தம், உடற்பயிற்சி, நோய், மரபு இவற்றில் எது அந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று சொல்ல நூற்றுக்கணக்கான மூளைகள் வேண்டும். அவையும் நலமாக வாழ்ந்தவர்களுடையவையாக, விரைவாகப் பதப்படுத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். மூளை வங்கிகளில் மிக அரிதாகக் கிடைப்பது நலமான மூளைதான். நோயாளியின் குடும்பத்துக்கு ஆராய்ச்சியின் தேவை அனுபவத்தில் தெரியும். நலமாக வாழ்ந்து முடித்தவரின் குடும்பத்துக்கு அது தோன்றுவதே இல்லை. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன என்று இன்று பல பாடநூல்களும் எழுதும் எண்ணிக்கையே 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் நான்கே ஆண்களின் மூளைகளைக் கரைத்து எண்ணிப் பெற்றதுதான். அதுவரை பத்தாயிரம் கோடி என்றும், நரம்பு செல்லைப் போலப் பத்து மடங்கு துணைச் செல்கள் உண்டு என்றும் சொல்லிவந்தோம். இரண்டும் தவறு என்று காட்ட நான்கு மூளைகள் போதுமானவையாக இருந்தன என்றால், அதற்கு முன் நாம் எவ்வளவு குறைவான சான்றை நம்பிக்கொண்டிருந்தோம் என்பது விளங்கும்.

எலி இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். எலிக்கு நாம் பட்ட கடனை மறுக்க முடியாது. பிரிந்து பெருகும் செல்களை முதலில் காட்டியது அதுதான். மூளையின் அடிப்படை இயக்க விதிகளில் பெரும்பகுதி விலங்குகளிடமிருந்தே வந்தது. ஆனால், கருவில் மூளை உருவாகும் கதையில் எலி சீக்கிரமே வழிவிட்டு நின்றுவிடுகிறது. எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம். மனிதக் கருவுக்கு நாற்பது வாரம். மனிதப் பெருமூளைப் புறணியை இவ்வளவு பெரிதாக்கும் ஒருவகைத் தாய்ச்செல்கள், அதாவது வெளிப்புற ஆரக் கிளியா செல்கள், கருவின் மூளையில் திரளாக இருப்பதை 2010-இல் ஆர்னால்ட் கிரிக்ஸ்டைன் குழு விவரித்தது. எலியில் அவை அபூர்வம். அதேபோல் மனிதக் கருவில் புறணிக்கு அடியில் தடிமனான ஓர் அடுக்கு தோன்றி, நரம்பிழைகள் தம் இடம் போய்ச் சேரும் வரை காத்திருக்கும் சத்திரம் போலப் பணியாற்றி, பிறந்த பின் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. சப்பிளேட் எனப்படும் அந்த அடுக்கு எலியில் மெல்லிய கோடு மட்டுமே. மிகவும் குறைமாதத்தில் ஒரு குழந்தை பிறப்பது இந்த அடுக்கு உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான். அந்தக் குழந்தையின் மூளைக்கு என்ன நேர்கிறது என்று எலியிடம் கேட்டு முழு விடை பெற முடியாது. பிறந்த பிறகும் கதை முடிவதில்லை. தேவைக்கு அதிகமாக உருவான நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடும் வேலை, முன்மூளைப் பகுதியில் இருபது வயதுகளிலும் தொடர்கிறது என்று 2011-இல் ஜாக்ரெப் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவ்வளவு நீண்ட இளமை மனித மூளைக்கே உரியது. வாரக்கணக்கில் முதிர்ந்துவிடும் உயிரில் அதன் நகல் இல்லை.

விலங்கும் மனித மூளையும் சேர்ந்து எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்குப் பார்கின்சன் நோயின் வரலாறே பாடம். 1957-இல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன், ஒரு மருந்தால் செயலற்றுப்போன முயல்களை எல்-டோபா என்ற பொருளைக் கொடுத்து மீட்டெழச் செய்தார். டோபமின் என்ற வேதிப்பொருளுக்கும் உடல் அசைவுக்கும் தொடர்பு உண்டு என்ற குறிப்பு அங்கே கிடைத்தது. ஆனால் முயலுக்குப் பார்கின்சன் நோய் வருவதில்லை. 1960-இல் வியன்னாவில் ஹெர்பர்ட் ஏரிங்கரும் ஓலே ஹோர்னிகீவிச்சும் பார்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார்கள். இருக்க வேண்டிய இடத்தில் டோபமின் பெருமளவு இல்லாமல் போயிருந்தது. மறு ஆண்டே எல்-டோபா நோயாளிகளுக்கு ஊசியாகச் செலுத்தப்பட்டது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்றும் உலகெங்கும் லட்சக்கணக்கான நோயாளிகளின் கைநடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் தணிக்கும் மருந்து அதுதான். பெயர் தெரியாத சில வியன்னாவாசிகளின் மூளைகள் இல்லாமல் அந்தக் குறிப்பு முயலோடு நின்றிருக்கும். அரை நூற்றாண்டுக்கு மேலான பிறகும் அந்தக் கடன் தீரவில்லை என்பதை, நடுக்கத்தோடு மாத்திரை விழுங்கும் ஒவ்வொரு முதியவரும் நமக்கு நினைவூட்டுகிறார்.

உயிரோடு இருப்பவரின் மூளையையே எம்ஆர்ஐயில் பார்க்கலாமே, எதற்கு இறந்தவரை எதிர்பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. எம்ஆர்ஐ பெரிய வரம்; ஆனால் வழக்கமான படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர். அந்த ஒரு புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஹார்வர்டு, கூகுள் ஆய்வாளர்கள் 2024-இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டினார்கள். வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணின் மூளையிலிருந்து மருத்துவத் தேவைக்காக அகற்றிய திசுவில், அரிசிமணியைவிடச் சிறிய ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார்கள். அதில் சுமார் 57,000 செல்களும் 15 கோடி நரம்பு இணைப்புகளும் இருந்தன. அவற்றைப் படம்பிடித்த தரவு 1,400 டெராபைட். வெளியே எறியப்பட வேண்டிய ஒரு துண்டு, ஓர் உலக வரைபடமாக மாறியது. எம்ஆர்ஐ நமக்கு ஊரின் எல்லையைக் காட்டுகிறது. தெருவையும் வீட்டையும் பார்க்க வேண்டுமானால் திசு கையில் இருந்தாக வேண்டும். படத்தில் தெரியும் ஒரு நிழலுக்கு என்ன பொருள் என்பதைக்கூட, அதே இடத்தின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் உறுதிசெய்ய முடியும்.

ஆய்வகத்தில் வளர்க்கும் ‘சிறு மூளைகள்’ மனிதத் திசுவின் தேவையை இல்லாமல் செய்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. 2013-இல் வியன்னாவில் மாடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் மனித ஸ்டெம் செல்லிலிருந்து பட்டாணி அளவு மூளைத் திசுவை வளர்த்துக் காட்டியது உண்மையிலேயே திருப்புமுனை. ஆர்கனாய்டு எனப்படும் இவற்றின் மூலம், ஒரு மரபணு பழுதுபட்டால் கருவின் மூளை ஏன் சிறுத்துப்போகிறது என்று நேரடியாகப் பார்க்க முடிகிறது. ஆனால் அவற்றுக்கு இயல்பான ரத்தக்குழாய்கள் இல்லை. தாயின் உடலிலிருந்து வரும் சைகைகள் இல்லை. 2020-இல் அபர்ணா பாதுரியும் சகாக்களும், ஆர்கனாய்டு செல்களை உண்மையான கருமூளைச் செல்களோடு ஒப்பிட்டார்கள். ஆர்கனாய்டு செல்கள் ஒருவித நெருக்கடி நிலையில் இருப்பதும், அதனால் எந்த வகைச் செல்லாக முதிர வேண்டும் என்ற அடையாளம் குழம்புவதும் தெரிந்தது. இந்தக் குறையைக் கண்டுபிடித்தது எதை வைத்து என்பதுதான் கவனிக்க வேண்டியது: பக்கத்தில் அசல் இருந்ததால்தான் நகலின் பிழை தெரிந்தது. ஆர்கனாய்டுகள் பெருகப் பெருக, அவற்றைச் சரிபார்க்கும் உரைகல்லாக மனிதத் திசுவின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

கருவின் மூளை என்று வரும்போது சென்னைக்கு ஓர் இடம் இருக்கிறது. 2022-இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் கருமூளையின் முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டது. கர்ப்பத்தின் நடுவிலுள்ள மூன்று மாதங்களில், மூளை மிக வேகமாக வளரும் கட்டத்தைச் சேர்ந்த 5,132 மெல்லிய வெட்டுகளை எண்ணிமப் படங்களாக்கி, ஒவ்வொரு செல்லும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வழிசெய்தது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் கட்டணமின்றி அதைத் திறந்து பார்க்கலாம். பெங்களூருவில் நிமான்ஸ் நிறுவனம் 1995 முதல் மூளைத் திசு வங்கி ஒன்றை நடத்திவருகிறது; அதன் அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் ஒரு மனித மூளையைக் கையில் ஏந்திப் பார்க்கவும் முடியும். ஆக, நம்மிடம் அறிவும் இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது. இல்லாதது தொடர்ச்சியாக மூளைகள் வந்துசேரும் வழி. மேலைநாடுகளின் வரைபடங்கள் பெரும்பாலும் அவர்களின் மக்களைக் கொண்டே உருவானவை. கர்ப்பிணிகளின் ரத்தசோகை, காசநோய் தரும் மூளைக்காய்ச்சல், ரேபிஸ், நாடாப்புழு முட்டையால் மூளையில் வரும் கட்டிகள் ஆகியவை நம் நாட்டில் மிகுதி. இவை மூளைச் செல்லை என்ன செய்கின்றன என்ற கேள்வியை நமக்காக வேறு யாரும் முன்னுரிமை கொடுத்து ஆராயப் போவதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துத் தட்டுப்பாடு உள்ள நாட்டுக்கு மூளை வங்கி ஓர் ஆடம்பரமல்லவா என்பது தள்ளிவிட முடியாத ஆட்சேபம். ஒரு கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரையா, ஒரு மூளைக்கு உறைபெட்டியா என்று கேட்டால் மாத்திரை என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் இது அப்படியொரு தராசு அல்ல. ஜாக்ரெப் நகரில் இவிட்சா கோஸ்டோவிச் 1974-இல் வளரும் மூளைகளுக்கான சேகரிப்பைத் தொடங்கியபோது யூகோஸ்லாவியா செல்வம் கொழிக்கும் நாடாக இருக்கவில்லை. பிறகு போர் வந்தது, நாடே உடைந்தது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூளைகள் கொண்ட அந்தச் சேகரிப்பு நின்றது. முன்மூளையின் இணைப்புகள் இருபது வயதுகளிலும் கழிக்கப்படுகின்றன என்ற கண்டுபிடிப்பும், சப்பிளேட் அடுக்கைப் பற்றிய அடிப்படை அறிவும் அங்கிருந்துதான் வந்தன. செல்களைத் தனித்தனியாகப் படிக்கும் கருவிகள் விலை உயர்ந்தவை. அவை ஆண்டுக்காண்டு மாறிப் பழையவையாகின்றன. முறையாகப் பதப்படுத்திய திசுவோ எளிதில் பழையதாகாது. இன்று நம்மால் வாங்க முடியாத கருவி பத்தாண்டில் கைக்கு வரும்போது, அதில் வைத்துப் பார்க்க மூளை இருக்க வேண்டும். அதைச் சேகரிப்பதற்குத் தேவை பயிற்சி பெற்ற நான்கைந்து பேர், ஒரு வாகனம், உறைநிலைப் பெட்டிகள், நேர்மையான பதிவேடு. பணத்தைவிடப் பொறுமைதான் இதில் பெரிய முதலீடு.

பணத்தைவிடக் கடினமானது மனம். இறந்தவரின் தலையைத் திறப்பதா என்ற அதிர்ச்சி இயல்பானது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அறியாமை. அந்த அச்சத்துக்கு வரலாற்றில் நியாயமும் உண்டு. பிரிட்டனில் லிவர்பூல் நகரின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில், 1988 முதல் 1995 வரை இறந்த குழந்தைகளின் உறுப்புகள் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது பின்னாளில் வெளியானது. குழந்தையை முழுதாகப் புதைத்துவிட்டோம் என்று நம்பியிருந்த பெற்றோர், பாதியைத்தான் புதைத்தோம் என்று அறிந்த நாளின் வேதனையை எந்த ஆய்வின் பயனும் ஈடுகட்டாது. அந்தக் கொந்தளிப்பிலிருந்துதான் முன்கூட்டிய சம்மதத்தைக் கட்டாயமாக்கும் 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் அங்கே பிறந்தது. ஐன்ஸ்டைனின் மூளைகூட 1955-இல் முன்கூட்டிய அனுமதியின்றித்தான் எடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் கண்ணாடிச் சாடிகளில் கிடந்த அதிலிருந்து கிடைத்த அறிவு சொற்பம். கேட்காமல் எடுத்த மூளை அறத்துக்கும் உதவவில்லை, அறிவியலுக்கும் பெரிதாக உதவவில்லை. கரு கலைந்த, குழந்தை இறந்து பிறந்த குடும்பத்திடம் கேட்கும்போது இந்த நெறி இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். துயரத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. சிகிச்சை தந்த மருத்துவரே கேட்கக் கூடாது. ‘வேண்டாம்’ என்றால் சிகிச்சையில் எதுவும் மாறாது என்ற உறுதி வேண்டும். பின்னர் மனம் மாறினால் திரும்பப் பெறும் உரிமையும் வேண்டும்.

முறையாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கன்னியாஸ்திரிகள் சாட்சி. 1986-இல் டேவிட் ஸ்நோடன் தொடங்கிய ஆய்வில் 75 வயதைக் கடந்த 678 கன்னியாஸ்திரிகள் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் தேர்வு எழுதவும், இறந்த பின் மூளையைக் கொடுக்கவும் அவர்கள் சம்மதித்தார்கள். இறைப்பணிக்கு வாழ்க்கையையே கொடுத்தவர்களுக்கு இது அந்தப் பணியின் நீட்சியாகத் தோன்றியது. அவர்களில் சகோதரி மேரி என்று அறியப்பட்டவர் 101 வயதில் இறக்கும் முன்புவரை தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவந்தார். அவருடைய மூளையைத் திறந்தபோது அல்சைமர் நோயின் படிவுகள் நிறைந்திருந்தன. மூளை சேதமடைந்தாலும் மனம் சேதமடையாமல் இருக்க முடியும் என்ற, மறதி நோய் பற்றிய ஆய்வுகளுக்குப் புதிய திசை காட்டிய உண்மை அவருடைய மூளையிலிருந்து வெளிவந்தது. எந்த ஸ்கேனும் எந்த எலியும் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஒரு மூதாட்டியின் பல ஆண்டுக் கால ஒத்துழைப்பும் அவர் விட்டுச்சென்ற மூளையும் சேர்ந்துதான் சொல்லின.

தமிழகத்துக்கு இந்தப் பாதை புதிதும் அல்ல. கண்தானம் என்றால் ஆறு மணி நேரம் என்பது இங்கே பட்டிதொட்டியெல்லாம் தெரிந்த கணக்கு. உறுப்பு தானத்தில் நாட்டின் முன்னணி மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அரசு அறிவித்தது. ஆனால் இந்தத் தானங்களுக்குள் மூளை அடங்கவில்லை என்பதைப் பலர் அறியார். மூளைச்சாவு அடைந்தவரின் இதயமும் சிறுநீரகமும் பிறருக்குப் பயன்படும். அவருடைய மூளையோ ரத்த ஓட்டம் நின்று சிதையத் தொடங்கியிருக்கும், ஆய்வுக்கு உதவாது. மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுத்தால் அது மாணவர்களுக்கு உடற்கூறு கற்றுத் தரும். ஆனால் செல்லின் நுண்ணிய தடயங்கள் பெரும்பாலும் அதற்குள் அழிந்துபோகும். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் சிகிச்சைக்கான உறுப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மூளை தானத்துக்கு ஏற்றவர்கள் வேறு: வயதாகி, வீட்டிலோ மருத்துவமனையிலோ இயல்பாக இறப்பவர்கள்; இனி யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது என்று நாம் நினைக்கும் முதியவர்கள். உடல் தானத்தில் சடங்குக்கு உடல் திரும்பாது. மூளை தானத்தில் முகம் மாறாமல் உடல் குடும்பத்திடம் திரும்பும், தகனமோ அடக்கமோ வழக்கம்போல நடக்கும். இந்த ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொன்னாலே தயக்கத்தில் பாதி கரையும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கண்தான, உறுப்பு தான உறுதிமொழிப் படிவங்களில் மூளைக்கும் ஒரு வரி சேர்க்கலாம். மாநிலத்தின் நான்கைந்து அரசு மருத்துவக் கல்லூரிகளை மையமாக்கி, இரவு பகல் அழைப்புக்குப் பதிலளிக்கும் குழுக்களை அமைக்கலாம். நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வரும் நோயாளிகளிடமும், அவர்களோடு துணைக்கு வரும் நலமான வாழ்க்கைத்துணையிடமும் உயிரோடு இருக்கும்போதே, அவசரமின்றிப் பேசலாம். ஆய்வுக்கான திசுவைக் கையாள்வதற்குச் சம்மதத்தை மையமாக வைத்த தெளிவான சட்டம் வேண்டும். யாருடைய மூளை, யாரால், எதற்குப் பயன்பட்டது என்பதைக் குடும்பம் கேட்டால் சொல்லக் கடமைப்பட்ட பதிவேடும் வேண்டும். திசுவோ தரவோ வெளிநாடு போனால் இங்குள்ள ஆய்வாளரும் அதில் பங்காளியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாகட்டும். ஆனால் தரவைப் பூட்டி வைப்பது தீர்வல்ல. சென்னையின் கருமூளை வரைபடம் எல்லோருக்கும் திறந்திருப்பதுதான் அதன் மதிப்பு.

வளர்ந்த மூளையில் புதிய செல்கள் பிறக்கின்றனவா என்ற கேள்விக்கு இன்று ‘ஆம்’ என்ற பக்கம் கனம் கூடியிருக்கிறது. எத்தனை பேரிடம், எவ்வளவு, எதனால் என்பவை மிச்சமிருக்கின்றன. அடுத்த முறை இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படும் செய்தியைப் படிக்கும்போது விஞ்ஞானிகளைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், எத்தனை மூளைகளைப் பார்த்தார்கள், அவை எவ்வளவு சீக்கிரம் கிடைத்தன என்று ஒரு வாசகர் கேட்டால் போதும். பெரும்பாலும் விடை, மிகச் சில, மிகத் தாமதமாக என்றே இருக்கும். அதை மாற்றுவது ஆய்வகத்தால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. ஒரு வீட்டில் விளக்கேற்றி வைத்து உறவினர் வந்துகொண்டிருக்கும் அந்தச் சில மணி நேரத்தில், “அப்பா முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார்” என்று யாராவது ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டும்.